பள்ளியறையும் பச்சிளங்குழந்தையின் உறக்கமும்

காரைக்குடியை அடுத்த கோவிலூருக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று, கொற்றவாளீசுவரரும் நெல்லையம்மனும் எழுந்தருளியிருக்கும் திருக்கோயில். மற்றொன்று, அக்கோயிலின் நிழலில் வளர்ந்த வேதாந்த மடம். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முத்துராமலிங்க ஞானதேசிகர் நிறுவிய அம்மடத்தில் கைவல்ய நவநீதம் முதலான தமிழ் வேதாந்த நூல்கள் வழிவழியாகப் பாடம் சொல்லப்பட்டு வந்தன. நனவு, கனவு, சுழுத்தி என்னும் மூன்று நிலைகளையும் வேதாந்தம் ஆராய்கிறது. மனிதனின் உறக்கத்தைக்கூடத் தத்துவப் பொருளாகக் கொண்டு பாடம் கேட்ட ஊர் என்று கோவிலூரைச் சொல்லலாம்.

ஆனால் கோவிலூரிலும் அதைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களிலும் உறக்கத்தைப் பற்றி நாள்தோறும் எழும் கேள்வி வேறு. பேறுகாலம் முடிந்து, குழந்தையை முதன்முறையாகக் கோயிலுக்கு எடுத்துவரும் இளந்தாயைப் பிரகாரத்தில் காணும் மூத்த பெண்கள் முகம் மலர்ந்து கேட்பது அது.

“பிள்ளை ராத்திரி தூங்குறானா, ஆத்தா?”

அன்பினால் கேட்கப்படும் கேள்விதான். எனினும் இரவில் நான்கு முறை எழுந்து பால் கொடுத்து, கண்களில் எரிச்சலோடு சந்நிதியில் நிற்கும் பெண்ணுக்கு அது ஒரு தேர்வுத் தாளாகவே படுகிறது. ‘இல்லை’ என்றால் தன் வளர்ப்பில் ஏதோ குறை இருக்கிறது என்று எண்ணிவிடுவார்களோ என்னும் அச்சம் அவளுக்கு. ‘பால் போதவில்லையோ’, ‘கண்ணேறு பட்டிருக்குமோ’, ‘என் பிள்ளைகள் மூன்று மாதத்திலேயே விடியும்வரை தூங்கினவே’ என்று அடுத்தடுத்துச் சொற்கள் வந்து விழும். வீடு திரும்பும்போது அவள் மனத்தில் அம்மன் திருமுகம் நிற்பதில்லை. அந்தக் கேள்விதான் நிற்கிறது.

குழந்தை எப்போது இரவில் நீண்ட நேரம் உறங்கத் தொடங்கும்? மருத்துவ அறிவியல் இதற்கு விடை தேடியிருக்கிறது. நம் பிள்ளைத்தமிழ் மரபும் ஆலய வழிபாட்டு முறையும் தத்தமக்குரிய வகையில் இதற்கு விடை வைத்திருக்கின்றன. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இளந்தாய்மாரின் மனச்சுமை பாதி குறையும்.

இரவறியாக் குழந்தை

கருவறையில் இருக்கும் குழந்தைக்குத் தாயின் உடலே பகலும் இரவும். அவள் உண்பதும் உழைப்பதும் உறங்குவதும் அதற்கு நேரம் காட்டுகின்றன. பிறந்த கணத்தில் அந்தக் கடிகாரம் விலகிவிடுகிறது. தனக்கென ஒரு கடிகாரம் உள்ளே உருவாகும்வரை, குழந்தைக்குப் பட்டப்பகலும் நள்ளிரவும் ஒன்றே.

பிறந்து மூன்று மாதம்வரை குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் உறங்கும். கேட்பதற்கு இது மிகுதியாகத் தோன்றும். ஆனால் அவ்வுறக்கம் இரண்டு மூன்று மணி நேரத் துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. சிறு வயிறு, எளிதில் செரிக்கும் தாய்ப்பால், நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பசி. முதல் வாரங்களில் இரவில் விழிப்பது குழந்தையின் குற்றமன்று, அதன் வளர்ச்சிக்கே அது தேவை. அந்நாள்களில் பசிக்குக்கூட எழாமல் குழந்தை தொடர்ந்து உறங்கிக்கொண்டே இருந்தால், ‘நல்ல பிள்ளை’ என்று மகிழ்ந்துவிடாமல் எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும். மஞ்சள் காமாலை, பால் குடிக்க இயலாத சோர்வு போன்றவை சில வேளைகளில் ‘அமைதியான உறக்கம்’ என்னும் வேடத்தில் வருவதுண்டு.

ஆறு முதல் எட்டு வாரங்களில் மாற்றம் தொடங்குகிறது. இருட்டியதும் உறக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்னும் சுரப்பு, இரண்டு மூன்று மாத வயதில் குழந்தையின் உடலில் ஓர் ஒழுங்குக்கு வருகிறது. 1999-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு குழந்தையைப் பிறப்பிலிருந்தே சூரிய ஒளியை ஒட்டிய சூழலில் வளர்த்து, அதன் உறக்கத்தையும் உடல் வெப்பத்தையும் நாள்தோறும் பதிந்து வெளியிட்டனர். ஏறத்தாழ 45-ஆம் நாளில் அக்குழந்தையின் விழிப்பில் பகல்–இரவு ஒழுங்கு தோன்றியது. எட்டு வாரங்களுக்குப் பின் உறக்கமும் அவ்வொழுங்கில் அமைந்தது. தொடக்கத்தில் அதன் இரவு உறக்கம் சூரியன் மறையும் நேரத்தை ஒட்டியே தொடங்கிற்று. ஒரே குழந்தையிடம் கண்டதை எல்லாக் குழந்தைகளுக்கும் விதியாக்க முடியாது. ஆயினும் அந்தி விளக்கேற்றும் நேரத்தை ஒரு பச்சிளங்குழந்தையின் உடல் தானே அறிந்துகொண்டது என்பது எண்ணி மகிழத்தக்கது. நாம் ஒரு மண்டலம் என்று வழங்கும் 48 நாள்களும் அக்கணக்குக்கு வெகு தொலைவில் இல்லை.

சாமி பூக் காட்டும், நரி விரட்டும்

உறங்கும் குழந்தை திடீரெனச் சிரித்தால் ‘சாமி பூக் காட்டுகிறது’ என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். உதட்டைப் பிதுக்கி விம்மினால் ‘நரி விரட்டுகிறது’ என்பார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. பிறந்த குழந்தையின் உறக்கத்தில் ஏறத்தாழப் பாதி, மூளை சுறுசுறுப்பாக இயங்கும் கனவு வகை உறக்கம். அப்போது மூடிய இமைகளுக்குள் விழிகள் உருளும், முகம் சுளிக்கும், கைகால்கள் உதறும், சிணுங்கலும் கேட்கும்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற ஆய்வு மாணவர், உறங்கும் குழந்தைகளின் கண்ணசைவுகளைக் கவனிப்பதிலிருந்தே தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார். தம் ஆசிரியர் நதானியேல் கிளைட்மனுடன் அவர் 1953-இல் வெளியிட்ட முடிவுகள், உலகெங்கும் உறக்க அறிவியலின் போக்கையே மாற்றின. உறக்கம் என்பது வெறும் ஓய்வு என்று எண்ணியிருந்த உலகம், அதற்குள்ளும் பல நிலைகள் உண்டு என்று உணர்ந்தது. கனவையும் சுழுத்தியையும் வெவ்வேறாகப் பிரித்துப் பாடம் சொன்ன மடத்தாருக்கு இது வியப்பாக இருந்திராது.

பெரியவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் நீடிக்கும் ஓர் உறக்கச் சுற்று, குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அது மேலெழுந்து, பாதி விழித்து, மறுபடியும் உள்ளே அமிழ்கிறது. அந்த நேரத்துச் சிணுங்கலைக் கேட்டவுடன் ஓடிப்போய்த் தூக்கி, விளக்கைப் போட்டுக் கொஞ்சினால், தானே மீண்டும் உறங்கியிருக்கக்கூடிய பிள்ளையை நாமே எழுப்பிவிட்டவர்கள் ஆவோம். ‘நரி விரட்டுகிறது, தொடாதே’ என்று சொன்ன அப்பத்தாவின் சொல்லில் இந்த நுட்பம் இருந்தது. சற்றுப் பொறுத்துப் பார்க்க வேண்டும். அழுகை வளர்ந்தால் தூக்க வேண்டும். பசித்து அழும் சிறு குழந்தையை அழவிட்டுப் பழக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று.

எண்கள் தரும் ஆறுதல்

‘மூன்று மாதத்தில் தூங்கிவிடும்’ என்னும் சொல்லில் எவ்வளவு உண்மை உண்டு? 1957-ஆம் ஆண்டில் லண்டன் குழந்தைகளைப் பற்றி மூர், அக்கோ என்னும் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நள்ளிரவு முதல் காலை ஐந்து மணிவரை எழாமல் இருப்பதை அவர்கள் அளவுகோலாகக் கொண்டனர். அவ்வளவுகோலின்படி மூன்று மாதத்தில் 70 விழுக்காட்டுக் குழந்தைகளும், ஆறு மாதத்தில் 83 விழுக்காட்டுக் குழந்தைகளும் இரவில் அடங்கின. ஆனால் பத்தில் ஒரு குழந்தை, முதல் ஆண்டு முழுவதுமே ஒழுங்காக அடங்கவில்லை. முன்பு அடங்கிய குழந்தைகளிலும் பல, ஆண்டின் பிற்பாதியில் மீண்டும் விழிக்கத் தொடங்கின.

2018-இல் வெளியான கனடா நாட்டு ஆய்வு மேலும் தெளிவானது. ஆறு மாதக் குழந்தைகள் 388 பேரின் தாய்மாரிடம் கேட்டறிந்ததில், 38 விழுக்காட்டுக் குழந்தைகள் இரவில் தொடர்ந்து ஆறு மணி நேரம் உறங்கவில்லை. ஓராண்டு நிறைந்த பின்னரும் 28 விழுக்காட்டுக் குழந்தைகளின் நிலை அதுவே. எட்டு மணி நேரம் என்று அளவை உயர்த்தினால், ஆறு மாதத்தில் பாதிக்கு மேற்பட்டவை தேறவில்லை. அந்த ஆய்வு கண்ட மற்றொரு செய்தி இதனினும் முக்கியமானது: இரவில் விழித்த குழந்தைகளின் அறிவு வளர்ச்சியோ உடலியக்க வளர்ச்சியோ, உறங்கிய குழந்தைகளைவிடக் குறைந்திருக்கவில்லை.

ஆக, ஒரே தெருவில் ஒரே மாதத்தில் பிறந்த இரு குழந்தைகளில் ஒன்று நான்காம் மாதத்தில் இரவெல்லாம் உறங்கலாம். மற்றொன்று முதலாண்டு நிறைவு விழாவன்றுகூட இருமுறை எழலாம். இரண்டும் நலமான குழந்தைகளே. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குப் பிறந்த நாளிலிருந்து கணக்கிடாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து வயதைக் கணக்கிட்டுப் பொறுமை காக்க வேண்டும்.

தாலப் பருவத்தின் சான்று

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்தனர். காப்பு, செங்கீரை ஆகியவற்றை அடுத்து மூன்றாவதாக வருவது தாலப் பருவம். ‘தால்’ என்றால் நாக்கு. நாவை அசைத்துப் பாடி உறங்க வைப்பதால் தாலாட்டு எனப் பெயர் வந்தது என்பர். நூலுக்கு நூல் மாதக் கணக்கில் சிறு வேறுபாடு இருப்பினும், செங்கீரைக்கு ஐந்தாம் மாதத்தையும் தாலுக்கு ஏழாம் மாதத்தையும் ஒட்டிய காலத்தையே பெரும்பாலும் சொல்வார்கள். ஏழு மாதக் குழந்தையையும் பாடித்தான் உறங்க வைக்க வேண்டியிருந்தது என்பதை இதனால் அறிகிறோம். குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மைக்குப் பிள்ளைத்தமிழ் பாடியபோது, மும்மை உலகும் ஆளும் அன்னையையும் தொட்டிலில் இட்டே பாடினார். பெரியாழ்வார் கண்ணனுக்குத் தாலாட்டினார். குலசேகராழ்வார் திருக்கண்ணபுரத்துப் பெருமாளை இராமனாகக் கண்டு தாலாட்டினார். தெய்வமே குழந்தையாக வந்தாலும் தானே உறங்கிவிடும் என்று நம் ஆன்றோர் யாரும் பாடவில்லை. அருகில் இருந்து பாடுவதற்கு ஒருவர் வேண்டியிருந்தது.

செட்டிநாட்டுத் தாலாட்டுக்கு இன்னொரு பின்னணியும் உண்டு. பர்மா, இலங்கை, மலேயா என்று கடல் கடந்து கொண்டுவிக்கச் சென்ற நகரத்தார் ஆடவர், கடைக்கணக்கு முடிய ஏறத்தாழ மூன்றாண்டுகள் அங்கேயே தங்கினர். தகப்பன் முகம் காணாமலே தவழ்ந்து நடந்த பிள்ளைகள் பலர். ஆனால் தாய் தனித்திருக்கவில்லை. பல புள்ளிகள் கூடி வாழ்ந்த பெரிய வீடுகளில் ஆயா, அப்பத்தா, சின்னம்மை, அத்தை என்று எத்தனையோ கைகள் இருந்தன. ஒருவர் கை சோர்ந்தால் இன்னொருவர் தொட்டிலை ஆட்டினர். இரவில் விழிக்கும் பிள்ளை அன்றும் இருந்தது. ஆனால் ஒரே பெண் இரவெல்லாம் விழித்திருக்கும் நிலை அன்று இல்லை.

பள்ளியறை கற்பிக்கும் பாடம்

சிவாலயங்களில் அர்த்தசாம வழிபாட்டைத் தரிசித்தவர்கள் ஒன்றை உணர்ந்திருப்பார்கள். மதுரையில் சுந்தரேசுவரரின் திருவடிகள் பல்லக்கில் ஏறி மீனாட்சியம்மன் பள்ளியறைக்கு எழுந்தருளுகின்றன. பால் நிவேதனம் ஆகிறது. பகலெல்லாம் முழங்கிய மேளம் தணிந்து, நாகசுரத்தில் நீலாம்பரி மெல்ல இழைகிறது. விளக்குகள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. திரை விழுகிறது. நடை சாத்தப்படுகிறது. எல்லாம் ஒவ்வொரு நாளும் ஒரே வரிசையில், ஒரே நேரத்தில். விடியுமுன் திருப்பள்ளியெழுச்சி, கதவு திறந்து, விளக்கேறி, மணி ஒலிக்கிறது.

குழந்தையின் உறக்கத்துக்கு இன்றைய மருத்துவர்கள் சொல்லும் முறையும் ஏறத்தாழ இதுவே. காலையில் திரைச்சீலையை விலக்கி வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும். பகலில் வீட்டின் இயல்பான ஓசைகளுக்கு நடுவே குழந்தை உறங்கலாம்; பேச்சும் விளையாட்டும் பகலுக்கு உரியவை. அந்திக்குப் பின் ஓசை தணிய வேண்டும். உடல் துடைத்து உடை மாற்றுதல், பால், மெல்லிய பாட்டு, மங்கிய விளக்கு, படுக்கை என்னும் வரிசை நாள்தோறும் மாறாமல் நிகழ வேண்டும். நள்ளிரவில் பால் கொடுக்கும்போது பேச்சும் கொஞ்சலும் வேண்டா. தொலைக்காட்சி, கைப்பேசி ஒளி வேண்டவே வேண்டா. கண்கள் செருகத் தொடங்கியதும், முழுதும் உறங்குமுன் படுக்கையில் கிடத்திப் பழக்கினால், நான்கைந்து மாதத்துக்குப் பின் இடையில் விழித்தாலும் தானே உறங்கக் குழந்தை மெல்லக் கற்கும்.

பகல் உறக்கத்தைத் தடுத்தால் இரவில் நன்றாகத் தூங்கும் என்பது தவறான கணக்கு. மிகவும் களைத்த குழந்தை இன்னும் கூடுதலாக அழுமே தவிர எளிதில் உறங்காது.

இவற்றையெல்லாம் செய்தால் நாளைக்கே பலன் கிட்டும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. பள்ளியறையை அணி செய்வதே அடியார் பணி. உறக்கம் அருளைப் போலத் தன் வேளையில் வரும்.

செய்யத் தகாதவை

குழந்தையை எப்படியாவது உறங்க வைக்க வேண்டும் என்னும் அவசரம் உலகெங்கும் பெருந்தீங்கு விளைத்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள், ‘காட்ஃப்ரே கார்டியல்’ என்னும் அபின் கலந்த மருந்தைக் குழந்தைகளுக்குப் புகட்டின. பம்பாய் ஆலைகளில் வேலைக்குப் போன தாய்மார், ‘பாலகோலி’ என்னும் அபின் உருண்டையைக் கொடுத்துவிட்டுச் சென்றனர். அவர்கள் கொடியவர்கள் அல்லர். விடிந்தால் வேலைக்குப் போக வேண்டியவர்கள். உறங்கிய குழந்தைகளில் பல மீண்டும் எழவே இல்லை.

நம் வீடுகளிலும் எச்சரிக்கை வேண்டும். உறக்கத்துக்காக உரைமருந்தில் சாதிக்காயைக் கூட்டி உரசிக் கொடுப்பது ஆபத்து. அளவு மிஞ்சினால் அது குழந்தையை மயக்கத்தில் ஆழ்த்தும். மருத்துவர் எழுதித் தராத எந்த உறக்க மருந்தும், எந்தச் சளி மருந்தும் உறக்கத்துக்காகத் தரலாகாது. ஓராண்டு நிறையும்வரை தேன் கூடாது. ஆறு மாதம்வரை தாய்ப்பாலே முழு உணவு என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. அதற்குமுன் கஞ்சி கரைத்துக் கொடுத்தால் வயிறு நிறைந்து இரவெல்லாம் தூங்கும் என்பது ஆய்வில் மெய்ப்படவில்லை. கையில் கட்டும் வசம்பு மணி அறுந்து வாய்க்குள் போய்விடாமல் கவனிக்க வேண்டும்.

திருநீற்றை நெற்றியில் மெல்ல இடுவது நம் மரபு; மூக்கிலும் வாயிலும் படும்படி ஊதலாகாது. குளித்த குழந்தைக்குச் சாம்பிராணி காட்டும் பழக்கமும் உண்டு. அப்புகை பச்சிளம் நுரையீரலுக்கு ஆகாது என்பதால் இப்போது மருத்துவர்கள் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். பூசையறையில் காட்டிவிட்டு, புகை அடங்கிய பின் குழந்தையை எடுத்துவந்தால் மரபும் நிற்கும், நலமும் நிற்கும்.

படுக்க வைக்கும் முறையில் இன்று உலகம் முழுவதும் ஒருமித்த கருத்து உண்டு. குழந்தையை மல்லாக்கவே கிடத்த வேண்டும். 1991-இல் பிரிட்டனிலும் 1994-இல் அமெரிக்காவிலும் இவ்வறிவுரை வீடுதோறும் கொண்டுசெல்லப்பட்ட பின், காரணம் தெரியாமல் உறக்கத்திலேயே குழந்தைகள் இறப்பது பாதிக்குமேல் குறைந்தது. படுக்கை சமமாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். தலையணை, பஞ்சுப் பொம்மை, கனத்த போர்வை எதுவும் முகத்தருகே இருத்தலாகாது. சேலைத் தொட்டிலில் இடும் வீடுகளில் யாரேனும் பார்வையிலேயே வைத்திருக்க வேண்டும். கழுத்து மடங்காமலும், துணி முகத்தை மூடாமலும், ஓரளவு வளர்ந்த பிள்ளை கயிற்றிலோ துணியிலோ சிக்காமலும் காக்க வேண்டும். குழந்தை உறங்கியதும் சமமான படுக்கைக்கு மாற்றிவிடுவதே நல்லது.

காய்ச்சல், பால் மறுத்தல், மூச்சுத் திணறல், ஓயாத வீறிட்ட அழுகை, எழுப்பினாலும் எழாத சோர்வு ஆகியவை இருப்பின், அது உறக்கச் சிக்கல் அன்று. நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கண்ணேறு கழிப்பதை வந்து பார்த்துக்கொள்ளலாம்.

தாயுமானவன் காட்டிய வழி

திருச்சிராப்பள்ளித் தலவரலாற்றை அறியாத அன்பர் இரார். வணிகர் குலத்துப் பெண் இரத்தினாவதிக்குப் பேறுகாலம் நெருங்கியது. பூம்புகாரிலிருந்து புறப்பட்ட அவள் தாயைக் காவிரி வெள்ளம் தடுத்தது. தனித்துத் தவித்த பெண்ணுக்குத் துணையாக ஈசனே தாயின் உருவில் வந்தார். குழந்தை பிறந்த பின்னும் அவர் உடனே மறைந்துவிடவில்லை. வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வரும்வரை, மகளையும் மகவையும் பேணி உடனிருந்தார். அதனால்தான் அவர் தாயுமானவர் ஆனார். அவள் வளர்ப்பில் குறை காணவோ அறிவுரை சொல்லவோ அவர் வரவில்லை. வேலையைப் பகிர்ந்துகொள்ள வந்தார்.

இன்று காவிரி வெள்ளம் இல்லை. ஆனால் சென்னையிலோ பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ அடுக்குமாடிக் குடியிருப்பில் இருவரே வாழும் இளங்குடும்பங்களுக்குத் தொலைவு என்னும் வெள்ளம் உண்டு. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் முதலில் 12 வார விடுப்பு வழங்கியது. 2017-இல் அது முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் ஆயிற்று. தமிழ்நாடு அரசு தன் பெண் ஊழியர்க்கு 2021-இல் அதை ஓராண்டாக உயர்த்தியது. 26 வாரம் என்பது ஆறு மாதம். பத்தில் ஏறத்தாழ நான்கு குழந்தைகள் இரவில் ஆறு மணி நேரம் தொடர்ந்து உறங்காத வயது அதுவே என்று மேலே கண்டோம். இரவெல்லாம் விழித்த கண்களோடு காலையில் அலுவலக நாற்காலியில் அமர வேண்டிய பெண்ணுக்கு வீட்டார் செய்யக்கூடியது என்ன?

ஒன்று, இரவை முறைவைத்துக்கொள்வது. பாலூட்டுவது தாயின் பணி. துணி மாற்றுவது, தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்வது, மீண்டும் உறங்க வைப்பது ஆகியவற்றைத் தந்தையும் செய்யலாம். பாட்டனார் விடியற்காலை ஒரு மணி நேரம் பேரப்பிள்ளையை ஏந்திக்கொண்டால், தாய்க்குக் கிடைக்கும் அந்த ஒரு மணி உறக்கம் எந்தச் சீர்வரிசையினும் உயர்ந்தது. இரண்டு, பகலில் குழந்தை உறங்கும்போது அவளையும் உறங்க விடுவது. பிள்ளை பார்க்க வரும் உறவினரின் வரவைச் சற்றுத் தள்ளிப்போடுவதில் தவறில்லை. மூன்று, அவள் முகத்தைக் கவனிப்பது. குழந்தை உறங்கும்போதும் அவளால் உறங்க இயலவில்லை, காரணமின்றி அழுகிறாள், குழந்தையிடம் பற்று வரவில்லை என்கிறாள் என்றால், அது பிடிவாதமோ பேய்க்கோளாறோ அன்று. பேறுகாலத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு அது, மருத்துவத்தால் தீரக்கூடியது. டெலி-மனாஸ் என்னும் அரசின் கட்டணமில்லா மனநல உதவி எண் 14416-இல் இரவிலும் ஆலோசனை பெறலாம்.

நடை திறக்கும் வேளை

கோவிலூர்க் கோயிலில் இரவு நடை சாத்திய பின் ஊர் அடங்குகிறது. பிள்ளை பிறந்த வீட்டில் மட்டும் ஒரு சன்னலில் மங்கிய விளக்கு எரிகிறது. அங்கே ஒரு பெண், மடியில் குழந்தையோடு, சுவரில் சாய்ந்து அமர்ந்திருக்கிறாள். உலகம் உறங்க, ஓர் உயிருக்காக விழித்திருக்கும் அந்த நிலையும் ஒரு வழிபாடுதான். அர்த்தசாமத்துக்கும் திருப்பள்ளியெழுச்சிக்கும் இடைப்பட்ட வேளையில் அவள் செய்யும் பூசைக்கு மணியோசையும் இல்லை, பார்ப்பவரும் இல்லை.

கோயில் நடையை யாரும் இடித்துத் திறப்பதில்லை. வேளை வந்ததும் அது திறக்கிறது. குழந்தையின் இரவும் அப்படியே. ஒன்றுக்கு மூன்றாம் மாதம், ஒன்றுக்கு ஆறாம் மாதம், இன்னொன்றுக்கு ஓராண்டு கடந்தும் ஆகலாம்.

ஆகவே அடுத்த முறை பிரகாரத்தில் கைக்குழந்தையோடு நிற்கும் பெண்ணைக் காணும்போது, ‘பிள்ளை ராத்திரி தூங்குறானா?’ என்று கேட்க நா எழுந்தால், சற்றே அடக்கிக்கொள்ளலாம். இரு கைகளையும் நீட்டி, “பிள்ளையை இப்படிக் கொடு, ஆத்தா. நான் வைத்திருக்கிறேன், நீ நிதானமாகச் சாமியைக் கும்பிட்டுவிட்டு வா” என்று சொல்லலாம். நெல்லையம்மன் சந்நிதியில் அவள் கண்மூடி நிற்கும் அந்த நான்கு நிமிடம், பல நாள்களுக்குப் பின் அவள் கண்கள் அமைதியாக மூடிய வேளையாக இருக்கக்கூடும்.